ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்களுக்கு அடிபடாம இருக்க எதை வாங்கலாம், எதுக்கு காசு செலவழிக்க வேணாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 6 வயசுலேர்ந்து 15 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்குடுக்கிறேன். கிளாஸ் முடிஞ்சு பசங்க பையை எடுத்துட்டு கிளம்பற நேரத்துல அம்மா அப்பாங்க கேக்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், மேடம் ஆன்லைன்ல இதைப் பாத்தேன் வாங்கலாமா, மணிக்கட்டுக்கு பட்டை மாட்டலாமா, ஃபோம் ரோலர் அவசியமானு. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். விலை எல்லாம் தோராயம்தான், கடைக்குக் கடை மாறும். என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன், வலியை மறைக்கிற சாமானுக்கு போடற காசை, வலி வராத மாதிரி உடம்பை தயார் பண்ற சாமானுக்கும் பிள்ளை விழற இடத்துக்கும் போடுங்க. கீழ இருக்கிற பதில் எல்லாம் இந்தக் கணக்குலதான் இருக்கும்.

கையில 1000 ரூபாதான் இருக்கு மேடம், முதல்ல என்ன வாங்கறது?

தாராளமா போதும். ஒரு நீள ரெசிஸ்டன்ஸ் பேண்டு (இழுத்துப் பண்ற ரப்பர் பட்டை), ஒரு சின்ன லூப் பேண்டு செட், ரெண்டு யோகா பிளாக், ஒரு டென்னிஸ் பால், இவ்வளவுதான். லூப் பேண்டு செட் 300லேர்ந்து 500க்குள்ள கிடைக்கும், அதுல 4, 5 டென்ஷன்ல வரும், பிள்ளைக்கு மெல்லிசா இருக்கிற ரெண்டு போதும், மிச்சத்தை நீங்க யூஸ் பண்ணுங்க. யோகா பிளாக் வாங்க காசு இல்லைனா தடியான ரெண்டு பழைய டெலிபோன் டைரக்டரியோ, துணி சுத்தி இறுக்கிக் கட்டின செங்கல்லோ கூட அந்த வேலையை செய்யும். ஸ்ட்ராப்னு தனியா விக்கிறதை வாங்கவே வேணாம், வீட்டுல இருக்கிற காட்டன் துப்பட்டா இல்ல பழைய வேட்டியை நீளமா மடிச்சா அதே வேலைதான்.

பேண்டு வாங்கும்போது கலரை நம்பி வாங்காதீங்க, ஒரு கம்பெனில மஞ்சள் ரொம்ப லேசு, இன்னொரு கம்பெனில அதே மஞ்சள் கெட்டியா இருக்கும். பிள்ளை 12 தடவை இழுத்து கடைசி ரெண்டு தடவை கொஞ்சம் கஷ்டப்பட்டா அதுதான் சரியான பேண்டு. வெயில்ல காயப்போடாதீங்க, ரப்பர் வெடிச்சிடும், வாரத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்துல இழுத்துப் பாத்து சின்னக் கீறல் தெரிஞ்சாலும் தூக்கிப்போட்டுடுங்க, அறுந்து முகத்துல அடிச்சா கண்ணுக்கு ஆபத்து. சைக்கிள் ட்யூப் வெட்டி யூஸ் பண்றவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, தப்பே இல்ல, ஆனா வால்வு இருக்கிற பகுதியை வெட்டி எறிஞ்சிடுங்க, பஞ்சர் ஒட்டின ட்யூப் வேணவே வேணாம்.

வீட்டுல ப்ராக்டிஸ் பண்ண டைல்ஸ் மேல போடற அந்த பசில் மேட் போதுமா?

ஸ்ட்ரெச்சிங், ஸ்ப்ளிட்ஸ், வயித்துக்கான எக்சர்சைஸ், முன்கை ஊன்றி பிளாங்க், இதுக்கெல்லாம் போதும். குதிச்சு இறங்கறதுக்கு போதவே போதாது. அந்த ஈவா மேட் 1 சென்டிமீட்டரோ 2 சென்டிமீட்டரோதான் இருக்கும், அடியில டைல்ஸ், அதுக்கு அடியில கான்கிரீட். போட்டில பசங்க இறங்கற மேட் 20 சென்டிமீட்டர் தடிப்பு, அது மேல தேவைப்பட்டா இன்னொரு 10 சென்டிமீட்டர் மெத்தை போடறாங்க, அப்படி இருந்தும் முழங்கால் போகுது. அப்புறம் நம்ம ஹால் டைல்ஸ் மேல பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமா குதிச்சு கை ஊன்றி திரும்ப நிக்கறது) பண்ணா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. மொட்டை மாடிலயும் வேணாம், கார் நிறுத்தற இடத்துலயும் வேணாம்.

கட்டில் மெத்தையை கீழ எடுத்துப் போட்டு குதிக்கலாமானு அடுத்த கேள்வி வரும். சுவத்துல ஹேண்ட்ஸ்டாண்ட் பண்ணி தடுமாறி முதுகுப்பக்கம் சாயறதுக்கு பரவாயில்ல, ஆனா கால் ஊன்றி இறங்கக் கூடாது, மெத்தை குழியும்போது பாதம் ஒரு பக்கம் சாய்ஞ்சு கணுக்கால் மடங்கும், ஸ்பிரிங் மெத்தைனா திருப்பி வேற தூக்கிவிடும். வீட்டுல குதிக்கிற ஐட்டமே வேணாம்னு நான் சொல்றது இதனாலதான். வீடு பலத்துக்கும் நீட்டலுக்கும், கிளாஸ் குதிக்கறதுக்கு.

எங்க சென்டர்ல மேட் எல்லாம் பழசு. நாலஞ்சு பேரன்ட்ஸ் சேந்து கம்மி விலைல ஏதாவது செஞ்சு குடுக்க முடியுமா?

முடியும், இதை விட நல்ல செலவே கிடையாது. இம்போர்ட்டட் மேட் விலை கேட்டா தலை சுத்தும், ஆனா மெத்தை தைக்கிற கடையில அளவு சொல்லி ஃபோம் வெட்டி ரெக்சின் கவர் போட்டுத் தருவாங்க. அடியில கெட்டியான ரீபாண்டட் ஃபோம், மேல மெதுவான ஃபோம்னு ரெண்டு லேயரா போடச் சொல்லுங்க, மெதுவானது மட்டும் போட்டா பிள்ளை உள்ள போய் தரையைத் தொட்டுடும், கெட்டியானது மட்டும் போட்டா குதிகால் வலிக்கும். ஓரத்துல ஜிப் வச்சு தைக்கச் சொன்னா ஃபோம் அமுங்கிப் போனதும் அதை மட்டும் மாத்திக்கலாம். அடிப்பக்கம் வழுக்காத துணி வச்சு தைக்கச் சொல்லுங்க, பாலிஷ் போட்ட தரைல மேட் நகர்றதை நான் நிறைய இடத்துல பாத்திருக்கேன்.

காசே இல்லாம பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை மூடுங்க. அந்த சந்துல கால் மாட்டினா கணுக்கால் சுலபமா திரும்பிடும். ஓரத்துல அகலமான வெல்க்ரோ தைச்சு ஒட்டிடலாம், அதுவும் இல்லைனா சந்துக்கு மேல குறுக்கா ஒரு மேட்டைப் போடுங்க, ஒவ்வொரு தடவையும் குதிக்கறதுக்கு முன்னாடி ஒரு பையனை அதுக்குன்னே பாக்கச் சொல்லுங்க. ஸ்போர்ட்ஸ் சாமான் சென்னைல பெரியமேடு பக்கம் மொத்த விலைக்கு கிடைக்கும், மீரட், ஜலந்தர்லேர்ந்து நேரா வரவழைக்கிற சென்டரும் உண்டு, 3, 4 சென்டர் சேந்து ஆர்டர் பண்ணா லாரி வாடகை குறையும்.

பொண்ணுக்கு மணிக்கட்டு வலிக்குதுங்கறா. ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்க போடற பட்டை வாங்கித் தரலாமா?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் காசையும் செலவழிச்சு கையையும் கெடுத்துக்கறாங்க.

இந்த விளையாட்டுல கையும் காலா மாறுது. ஹேண்ட்ஸ்டாண்ட், கார்ட்வீல், வால்ட் (ஓடி வந்து மேஜை மேல கை ஊன்றித் தாண்டறது), பொம்மல் ஹார்ஸ் எல்லாத்துலயும் மொத்த உடம்பு எடையும், சில சமயம் அதுக்கும் மேலயும், முழுசா பின்னாடி மடங்கின மணிக்கட்டு வழியாதான் இறங்குது. வளர்ற பிள்ளைக்கு முன்கை எலும்பு நுனில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கு, எலும்பு நீளமாகறது அங்கதான். அது சுத்தி இருக்கிற எலும்பை விட பலவீனமானது. திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தா அது புண்ணாகும், கட்டைவிரல் பக்கத்து எலும்புலதான் அதிகமா வரும், டாக்டருங்க இதை ஜிம்னாஸ்ட் ரிஸ்ட்னே சொல்லுவாங்க. விடாம அது மேலயே ப்ராக்டிஸ் பண்ணா அந்த எலும்பு வளர்றது முன்னாடியே நின்னு போற அபாயமும் இருக்கு.

அதனால வலி இருக்கிற கையில பட்டை மாட்டி திரும்ப அனுப்பறது தீர்வு கிடையாது. பட்டை மணிக்கட்டு ரொம்ப மடங்கறதை கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான், இம்போர்ட்டட்னா ஆயிரக்கணக்குல ஆகும். வலி உள்ள பிள்ளைக்கு முதல் மருந்து கை ஊன்றதை நிறுத்தறது. அந்த நாள்ல கால் வேலை, வயிறு, ஸ்ப்ளிட்ஸ், வலி இல்லைனா பார்ல சும்மா தொங்கறது, பீம்ல டான்ஸ் ஸ்டெப், எவ்வளவோ இருக்கு, கிளாஸுக்கு லீவ் போட வேண்டியதில்ல. ரெண்டு வாரம் கை ஊன்றாம இருந்தும் அந்த எலும்பை அழுத்தினா வலிக்குதுன்னாலோ, வீக்கம் இருந்தாலோ, ராத்திரி வலிச்சாலோ எலும்பு டாக்டர்கிட்ட காட்டி எக்ஸ்ரே எடுத்துடுங்க, கோச் என்ன சொன்னாலும் சரி.

வலி வராம இருக்க என்ன பண்ணலாம்னு கேட்டா, ஒரு வாளில அரிசி போட்டு அதுக்குள்ள கையை விட்டு விரலை விரிச்சு மூடறது, பிடிச்சு திருப்பறது, ஒரு கைக்கு ஒரு நிமிஷம். ரேஷன் அரிசி, இல்லைனா கழுவின மணல் போதும். முன்கைக்கு அவ்வளவு நல்ல எக்சர்சைஸ். புஷ் அப் மாதிரி கன்டிஷனிங் எல்லாம் உள்ளங்கையை விரிச்சு ஊன்றாம பாரலெட்ஸ் (தரைல வைக்கிற ரெண்டு சின்னக் கைப்பிடிக் கம்பி) மேல பண்ணா மணிக்கட்டு நேரா இருக்கும், ஒரு நாளைக்கு அது தாங்கற மடிப்போட எண்ணிக்கை குறையும்.

பாரலெட்ஸ் கடையில 2000க்கு மேல சொல்றாங்களே?

பிளம்பிங் கடைல ஒன்றேகால் இன்ச் கெட்டியான பிவிசி தண்ணி பைப் 10 அடி ஒண்ணு, எல்போ 4, டீ 4, எண்டு கேப் 8, ஒரு சின்ன டின் சால்வன்ட் சிமெண்ட். ஒயரிங்குக்கு போடற மெல்லிசு பைப் வாங்கிடாதீங்க, அது வளையும். பிடிக்கிற கம்பி 45 சென்டிமீட்டர் ரெண்டு, நிக்கிற கால் 12 சென்டிமீட்டர் நாலு, தரைல படற துண்டு 13 சென்டிமீட்டர் எட்டு, கூட்டிப் பாத்தா ரெண்டு மீட்டர் 42 சென்டிமீட்டர்தான் வரும், 10 அடி பைப்புல மிச்சமே இருக்கும். கம்பி ரெண்டு முனைலயும் எல்போ, எல்போக்கு கீழ கால், கால் போய் டீயோட நடு ஓட்டைல உக்காரும், டீயோட ரெண்டு பக்கமும் தரைத் துண்டு, அதுக்கு கேப். முதல்ல ஒட்டாம மாட்டிப் பாத்து ஆடாம நிக்குதானு செக் பண்ணிட்டு அப்புறம் ஒட்டுங்க, ஒரு நாள் முழுக்க காய விடுங்க. பிடிக்கிற இடத்துல பேட்மிண்டன் கிரிப் சுத்திடுங்க, வேர்வைல வழுக்காது.

இது சின்னப் பசங்க எடைக்கு, அதுவும் எல் சிட் (கை ஊன்றி உடம்பைத் தூக்கி காலை முன்னாடி நீட்டறது), புஷ் அப், பிளாங்க்குக்கு. 50 கிலோ பையன் இதுல ஹேண்ட்ஸ்டாண்ட் போடணும்னா தச்சர்கிட்ட சொல்லி மரத்துல செஞ்சுக்கோங்க.

கணுக்கால் ஒரே காலே மூணு தடவை சுளுக்கிடுச்சு. நல்ல பிரேஸ் எது?

ஒரு தடவை சுளுக்கின கணுக்கால் திரும்ப சுளுக்கும், ஏன்னா ஜவ்வு மட்டும் நீளறது இல்ல, பாதம் எந்தக் கோணத்துல இருக்குனு மூளைக்கு சொல்ற உணர்வும் மந்தமாயிடுது. வீக்கம் போனதும் வலி போனதும் சரியாயிடுச்சுனு நேரா ஃப்ளோருக்கு விட்டுடறோம், அந்த உணர்வை யாரும் திருப்பிப் பழக்கறதில்ல. பேலன்ஸ் பயிற்சி பண்ணா திரும்ப சுளுக்கறது குறையும்ங்கறது நல்லா நிரூபிக்கப்பட்ட விஷயம், அதுக்கு ஆகற செலவு கிட்டத்தட்ட சைபர்.

ஒத்தைக் கால்ல நின்னு பல் தேய்க்கச் சொல்லுங்க. அது சுலபமானதும் கண்ணை மூடிக்கிட்டு, அப்புறம் மடிச்ச கம்பளி மேல நின்னு, அப்புறம் நின்னபடி சுவத்துல பால் அடிச்சு பிடிக்கிறது. பேலன்ஸ் போர்டு வேணும்னா வட்டமா வெட்டின பிளைவுட் அடில பாதி மரப் பந்து வச்சு தச்சர் செஞ்சு தருவார். கூடவே பேண்டை பாதத்துல மாட்டி வெளிப்பக்கம் தள்ளற எக்சர்சைஸ், ஒத்தைக் கால்ல குதிகாலைத் தூக்கறது, வாரத்துக்கு 3, 4 நாள், விடாம ரெண்டு மாசம்.

பிரேஸ் வேணாம்னு சொல்லல. ஏற்கனவே சுளுக்கின காலுக்கு கயிறு கட்டற மாதிரி இருக்கிற பிரேஸ் ப்ராக்டிஸ்ல நிஜமாவே உதவும், 500லேர்ந்து 1000க்குள்ள ஓரளவு நல்லதா கிடைக்கும். ஆனா சுளுக்காத காலுக்கு முன்னெச்சரிக்கையா மாட்டி பழக்காதீங்க.

டேப்? அந்த கலர் கலரா ஒட்டிக்கறாங்களே?

கலர் டேப்புக்கு நான் காசு குடுக்க மாட்டேன். இழுபடற அந்த டேப் மூட்டைத் தாங்காது, அடிபடறதை தடுக்கும்னு சொல்ல பலமான ஆதாரமும் இல்ல. வெள்ளையா இழுபடாத ரிஜிட் டேப் நிஜமாவே மூட்டைப் பிடிக்கும், ஆனா சுத்தத் தெரிஞ்சவங்க சுத்தணும், ஆடி வேர்த்த கொஞ்ச நேரத்துல தளர்ந்துடும், மாசா மாசம் செலவு வேற. கணக்குப் பாத்தா துவைச்சுத் துவைச்சு யூஸ் பண்ற பிரேஸ் மலிவு. விரல் சுளுக்குக்கு பக்கத்து விரலோட சேத்து ஒட்டவும், உள்ளங்கை பிஞ்சுபோனா மறைக்கவும் வெள்ளை டேப் ஒரு ரோல் பையில இருக்கட்டும்.

10 வயசு பையன், காலைல எழுந்தா குதிகால் ஊன்ற முடியல, நொண்டறான்.

வளர்ற வயசுல இது ரொம்ப சகஜம், சுமார் 8லேர்ந்து 14 வயசுக்குள்ள வரும். குதிகால் எலும்போட பின்பக்கம் இருக்கிற வளர்ச்சிப் பகுதியை கெண்டைக்கால் சதை இழுத்துக்கிட்டே இருக்கும், அதோட வெறுங்கால்ல குதிக்கறதும் சேருது. 200, 300 ரூபாய்க்கு கிடைக்கிற சிலிகான் ஹீல் கப் இங்க உண்மையிலயே பிரயோஜனம், ஸ்கூல் ஷூக்குள்ளயும் போடுங்க, பிராக்டிஸ்ல வேணும்னா கணுக்கால் சாக்ஸுக்குள்ள வச்சுக்கலாம், வெறும் சாக்ஸோட ஓடினா வழுக்கும்ங்கறதால அடில பிடிப்பு இருக்கிற சாக்ஸா பாத்து வாங்குங்க. கெண்டைக்காலை மெதுவா நீட்டறது, குதிக்கற எண்ணிக்கையைக் குறைக்கறது, இது ரெண்டும் இல்லாம கப் மட்டும் போட்டா போகாது. வளர்ச்சி முடிஞ்சா தானா போயிடும், பயப்பட வேணாம். ராத்திரில வலிச்சா, காய்ச்சல் இருந்தா, ஒரு குதிகால் மட்டும் வீங்கி சிவந்திருந்தா டாக்டரைப் பாருங்க.

ஃபோம் ரோலர் வாங்கணுமா?

பூரிக்கட்டை இருக்கா? கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் அது போதும். பாதத்துக்கு டென்னிஸ் பால். ரோலர் பண்ணா கொஞ்ச நேரத்துக்கு உடம்பு லேசா நீளும், வலி மட்டுப்படும், அது நல்ல விஷயம்தான், ஆனா சதை முடிச்சை உடைக்குதுனு விளம்பரத்துல சொல்றதை நம்பி 1500 ரூபா ரோலர் வாங்க வேணாம். மசாஜ் கன்னும் அதே கதைதான், பிள்ளைங்களுக்கு தேவையே இல்ல. முதுகெலும்பு மேலயும் முழங்கால் மேலயும் எதையும் உருட்டாதீங்க.

ஸ்ப்ளிட்ஸ் சீக்கிரம் வர எந்த சாமான் நல்லது? கோச் மேல உக்காந்து அழுத்தறாரு, அது சரியா?

சரி இல்ல. யாரும் பிள்ளை மேல உக்காரவோ தொடைல ஏறி நிக்கவோ கூடாது, அழுதாதான் வளையும்னு சொல்றவங்களை விட்டு விலகுங்க. பின்தொடை சதை இடுப்பெலும்புல ஒட்டற இடத்துலயும் வளர்ச்சிப் பகுதி இருக்கு, வலுக்கட்டாயமா இழுத்தா எலும்புத் துணுக்கோட பிச்சுக்கிட்டு வரும், அப்புறம் மாசக்கணக்குல உக்காரணும்.

ரெண்டு யோகா பிளாக் போதும். கை ரெண்டையும் பிளாக் மேல ஊன்றி உடம்பு எடையை தானே தாங்கிக்கிட்டு, தாங்கற அளவுக்கு இறங்கி, 30 செகண்ட் நின்னு, ஏறணும். இறங்கினதை விட முக்கியம் அந்த இடத்துல பலம் வேணும், அதனால ஸ்ட்ரெச் முடிஞ்சதும் நின்னபடி காலை கையில பிடிக்காம தூக்கி நிறுத்தறது 10 தடவை. கையால தூக்கினா காது வரைக்கும் வர்ற கால் தானா தூக்கினா இடுப்பு உயரம்தான் வருதுன்னா, அந்த வித்தியாசத்துலதான் அடிபடும். முன்கால் பிளாக் மேல வச்சு 180 டிகிரியையும் தாண்டி இறங்கற ஓவர்ஸ்ப்ளிட்ஸ் எல்லாம் இடுப்பு திரும்பாம தரைல முழுசா ஸ்ப்ளிட்ஸ்ல உக்காந்து பல மாசம் ஆன பசங்களுக்குத்தான், அதுவும் இடுப்புக்குள்ள முன்பக்கம் குத்துற மாதிரி வலி இருந்தா உடனே நிறுத்தணும்.

இன்னொண்ணு, வால்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம்னு ஒரே இடத்துல இழுத்துப் பிடிச்சு உக்காந்தா அந்த நேரத்துக்கு கால் வேகமா உந்தித் தள்ளற சக்தி குறையும். கிளாஸ் ஆரம்பத்துல கால் வீசறது, லன்ஜ் (ஒரு காலை முன்னாடி வச்சு முழங்காலை மடக்கி இறங்கறது), ஸ்கிப்பிங் மாதிரி ஓடியாடற வார்ம் அப், நீளமான ஸ்ட்ரெச்சிங் கடைசில.

பிரிட்ஜ் (கையும் காலும் ஊன்றி பின்னாடி வில்லு மாதிரி வளையறது) பண்ணும்போது இடுப்புக்கு மேல வலி. பெல்ட் போடலாமா?

வேணாம். இதை சாதாரணமா எடுத்துக்காதீங்கனு கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஒத்தைக் கால்ல நின்னு பின்னாடி சாய்ஞ்சா ஒரு பக்கம் மட்டும் வலிக்குதுன்னா முதுகெலும்போட பின்பக்க வளையத்துல மெல்லிசா விரிசல் இருக்கலாம், பின்னாடி அதிகமா வளையற விளையாட்டுல இது வரும், சீக்கிரம் கண்டுபிடிச்சு ஓய்வு குடுத்தா பெரும்பாலும் நல்லா ஆகிடும், பெல்ட் கட்டி மறைச்சு ஆடினா ஆகாது. நேரா எலும்பு டாக்டர்.

வராம தடுக்கிறது எப்படின்னா, தோளும் இடுப்பு முன்பக்கமும் இறுகி இருக்கிற பிள்ளை பிரிட்ஜ் பண்ணா மொத்த வளைவும் கீழ் முதுகுல ஒரே இடத்துலதான் போய் விழும். தோளைத் திறக்கணும். அதுக்கு மாப் குச்சி ஒண்ணு போதும். ரெண்டு கையும் அகலமா பிடிச்சு தலைக்கு மேல கொண்டு போய் பின்னாடி இறக்கறது, முழங்கை ரெண்டையும் சோபா ஓரத்துல வச்சு மண்டி போட்டு நெஞ்சை கீழ இறக்கறது. பாதத்தை ஒரு அடி உயர மெத்தை மேல வச்சு பிரிட்ஜ் பண்ணச் சொன்னா வளைவு தோளுக்கு மாறும், முதுகு தப்பிக்கும். வயித்துக்கு ஹாலோ ஹோல்டு, அதாவது மல்லாந்து படுத்து கீழ் முதுகை தரைல அழுத்தி தோளையும் காலையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. எத்தனை பிரிட்ஜ், எத்தனை பேக் வாக்ஓவர்னு எண்ணி ஒரு நோட்டுல எழுதுங்க, அந்த நோட்டு உங்ககிட்ட இருக்கிறது ரொம்ப உதவும்.

பார்ல தொங்கும்போது உள்ளங்கையில மாட்டற தோல் கிரிப்ஸ் செகண்ட் ஹேண்டுல வாங்கலாமா?

கூடாது. நான் காசு மிச்சம் பண்ண விடாத ஒரே சாமான் இதுதான். தோல் இழுபட்டு நீண்டிருந்தா பார்ல சுத்தும்போது கிரிப் தன் மேலயே மடிஞ்சு பார்ல பூட்டிக்கும், கை நின்னுடும், உடம்பு சுத்திக்கிட்டே போகும், முன்கை எலும்பு உடையற மாதிரியான விபத்து. பொண்ணுங்களோட அன்ஈவன் பார் 4 சென்டிமீட்டர் தடிப்பு, பசங்களோட ஹை பார் 2.8 சென்டிமீட்டர் இரும்பு, ரிங்ஸ் வேற, அதனால கிரிப்பும் வேற வேற, ஒண்ணை இன்னொண்ணுல போடக்கூடாது. சைஸ் கோச் அளந்து சொல்லட்டும். ஜெயண்ட் (உடம்பை நீட்டி பாரை முழுசா ஒரு சுத்து சுத்தறது) சுத்தாத சின்னப் பசங்களுக்கு பெரும்பாலும் கிரிப்பே வேணாம்.

கையில தேய்க்கிற ஜிம் சாக் (chalk) பதிலா பவுடர் போட்டா?

முகத்துக்கு போடற பவுடர் வழுக்கும், அதை கையில போட்டு பார்ல ஏத்தவே கூடாது. போர்டுல எழுதற சாக்பீஸும் வேற பொருள். ஜிம்முக்கு வேண்டியது மெக்னீசியம் கார்பனேட், அது வேர்வையை உறிஞ்சும், கட்டியா 100, 150 ரூபாய்க்கு கிடைக்கும், நாலு பசங்க சேந்து ஒண்ணு வாங்கினா போதும்.

உள்ளங்கை பிஞ்சிடுச்சுன்னா தொங்கற தோலை பிய்க்காம சுத்தமான கத்திரில வெட்டி, சோப்பு போட்டு கழுவி, வேசலினோ தேங்கா எண்ணெயோ தடவி ராத்திரி காட்டன் சாக்ஸ் கையில மாட்டி தூங்கச் சொல்லுங்க. குளிச்சதும் காப்புக் காய்ச்சின இடத்தை பியூமிஸ் கல்லால லேசா தேய்ச்சு சமமா வச்சா பிய்யறதே குறையும்.

கதவுல மாட்டற புல் அப் பார்?

திருகி இறுக்கற மாதிரி இருக்கறது நழுவும். ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு தாங்கி வச்சதா இருந்தா மட்டும், அதுவும் ஆடாம தொங்கறதுக்கும் காலைத் தூக்கறதுக்கும் மட்டும். ஊஞ்சல் மாதிரி ஆடவோ சுத்தவோ கூடாது.

ட்ராம்போலின், கணுக்கால்ல கட்டற வெயிட்?

ரெண்டும் வீட்டுக்கு வேணாம். வீட்டு ட்ராம்போலின் வேணாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லுது, ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேர் குதிக்கறப்பதான் அதிகமா அடிபடுது, அதுலயும் சின்னப் பிள்ளைக்குத்தான் படும். கால்ல வெயிட் கட்டிக்கிட்டு காலை வீசினா இடுப்பும் முழங்காலும் இழுபடும், பேண்டு அதை விட நல்லா வேலை செய்யும்.

பெரிய சென்டர்ல இருக்கிற சாமான் எதுவும் இல்லாம நம்ம பசங்க மேல வர முடியுமா?

ஒலிம்பிக்ஸ் வரை போன நம்ம நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர், திரிபுராவுல இருக்கிற அகர்தலால பழைய ஸ்கூட்டர் பார்ட்ஸ் வச்சு செஞ்ச ஸ்பிரிங்போர்டுல பழகினவங்க. தட்டைப் பாதம் வேற, அது குதிக்கறதுக்கும் இறங்கறதுக்கும் இடைஞ்சல், கோச் பிஸ்வேஷ்வர் நந்தி அதுக்குன்னே பல வருஷம் வேலை வாங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல வால்ட்ல 15.066 எடுத்து நாலாவது, வெண்கலம் 0.150ல போச்சு. 2017ல முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன், 2018ல துருக்கி மெர்சின்ல வேர்ல்டு சேலஞ்ச் கப்புல தங்கம், 2024ல ஆசிய சாம்பியன்ஷிப்ல வால்ட் தங்கம். சாமான் கம்மிங்கறதால கனவை சின்னதாக்க வேணாம்னு இதைப் பாத்து நான் நம்பறேன். ஆனா அந்த ஸ்கூட்டர் ஸ்பிரிங் கதையைக் காட்டி சந்து விட்ட மேட்டுல பசங்களை குதிக்க வைக்கறதை ஏத்துக்க மாட்டேன்.

தட்டைப் பாதம் உள்ள பசங்களுக்கு கோலிக்குண்டை கால் விரலால பொறுக்கி கிண்ணத்துல போடற விளையாட்டு, துண்டை விரலால சுருட்டி இழுக்கறது, ரெண்டுமே பாதத்தோட சின்ன சதைகளுக்கு நல்லது.

முழங்காலை எப்படி காப்பாத்தறது? முழங்கால்ல மாட்டற நீ கேப் (knee cap) போதுமா?

நீ கேப் சூடா வச்சுக்கும், வேற எதுவும் பெருசா செய்யாது. இறங்கற விதம்தான் காப்பாத்தும். உங்ககிட்ட அதுக்கு ஏற்கனவே ஒரு அருமையான சாமான் இருக்கு, போன்ல இருக்கிற ஸ்லோ மோஷன் கேமரா. 20 சென்டிமீட்டர் உயர பலகைலேர்ந்து மேட் மேல குதிச்சு அப்படியே 3 செகண்ட் நிக்கச் சொல்லி முன்னாடிலேர்ந்து வீடியோ எடுங்க. முழங்கால் ரெண்டும் உள்பக்கம் சாய்ஞ்சா, இல்ல கால் விறைப்பா நேரா இறங்கினா, இன்னும் உயரத்துலேர்ந்து குதிக்க பிள்ளை தயார் இல்ல. லூப் பேண்டை முழங்காலுக்கு மேல மாட்டி பக்கவாட்டுல நடக்கறது, ஒத்தைக் கால் ஸ்குவாட், இதை ஒரு மாசம் பண்ணிட்டு திரும்ப எடுத்துப் பாருங்க.

சாப்பாடுக்கும் அடிபடறதுக்கும் சம்பந்தம் உண்டா?

ரொம்ப உண்டு. எடை ஏறிடும்னு பிள்ளையோட சாப்பாட்டைக் குறைச்சா எலும்புல விரிசல் வரும். பொண்ணுக்கு வந்துக்கிட்டிருந்த பீரியட்ஸ் மூணு மாசம் நின்னா, இல்ல 15 வயசாகியும் வரவே இல்லைனா அது ட்ரெயினிங்ல சகஜம்னு விடாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. கேழ்வரகு, பால், முட்டை, முருங்கைக்கீரை, தூக்கம், இதெல்லாம் எந்த பிரேஸை விடவும் முன்னாடி வரணும். சீனியர் சர்வதேச போட்டிக்கு பொண்ணுங்களுக்கு 16 வயசு, பசங்களுக்கு 18, அவசரம் எதுக்கு.

அடிபட்டா முதல்ல என்ன? எண்ணெய் போட்டு உருவலாமா, கட்டு போடற இடத்துக்கு கூட்டிட்டு போலாமா?

அன்னைக்கு உருவாதீங்க, சுளுக்கு எடுக்கறேன்னு இழுக்க விடாதீங்க. வளர்ற பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு பலவீனம்னு மேல சொன்னேன் இல்லையா, அது ஜவ்வை விடவும் பலவீனம், பெரியவங்களுக்கு சுளுக்கா முடியற அடி பிள்ளைக்கு எலும்பு முறிவா இருக்கலாம், வெளில பாத்தா ரெண்டும் ஒரே வீக்கம்தான். ஐஸை துணில சுத்தி 15 நிமிஷம், லேசான கிரேப் பேண்டேஜ், காலை தலகாணி மேல உயரமா வைங்க. கணுக்கால் எலும்பு முண்டை அழுத்தினா வலிக்குது, இல்ல நாலு அடி கூட நடக்க முடியலன்னா அன்னைக்கே எக்ஸ்ரே. தலைகீழா விழுந்து கழுத்து வலிக்குது, கை கால் மரத்துப்போகுதுன்னா பிள்ளையை தூக்காதீங்க, உக்கார வைக்காதீங்க, அசையாம படுக்க வச்சு 108க்கு போன் பண்ணுங்க.

காசுக்கு யோசிச்சு தள்ளிப்போட வேணாம், அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் எலும்பு ஓபி இருக்கு, பிசியோதெரபியும் இருக்கு. போகும்போது எந்த ஐட்டம் பண்ணும்போது வலிக்குதோ அதை முன்னாடியே எடுத்து வச்ச வீடியோ இருந்தா போன்ல காட்டுங்க, வலியோட திரும்ப பண்ண வச்சு எடுக்காதீங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ட்ரெயினிங்னு எழுதின நோட்டையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியலைன்னாலும் அதைப் பாத்தா எங்க பாரம் விழுதுன்னு புரிஞ்சுக்குவாங்க.